பாட்டில் விட்டுப்போன ஆள்

அந்த ஹாலில் ஃபேனை நிறுத்தச் சொன்னது நான்தான். அதன் சத்தம் மைக்கில் விழுந்தது. திருவனந்தபுரத்தில் வழுதக்காட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஹால். நூறு பேர் உட்காரும் இடத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். சாயங்காலம் ஆறரை மணி, மழைக்கு முந்தின புழுக்கம். வந்தவர்கள் என் படம் போட்ட நோட்டீஸை மடக்கி விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் உடுக்கை, பக்கத்தில் சுருதி போட்ட போன். என் கச்சேரி என்றால் அவ்வளவுதான். கூட வாசிப்பவர் கிடையாது, பின்பாட்டும் கிடையாது.

ஏழாவது பாட்டு முடிந்து சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சேச்சி, ஆ பஸ் பாட்டு!"

உடனே பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். எந்த ஊரில் பாடினாலும் இது நடக்கும். நடக்காவிட்டால்தான் எனக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருக்கும். கொஞ்சம் தயங்குவதுபோலக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஒத்த வண்டி போச்சு மவளே, ரெண்டாம் வண்டி போச்சு,
உச்சியில வச்ச பிச்சிப்பூவும் வாடி வதங்கிப் போச்சு.
ஏற வந்த காலு ரெண்டும் ஏன்டி மரத்துப் போச்சு?
எங்கேயோ கேட்ட கடலுக்கு என் மனசு ஓடிப் போச்சு.

மகளைப் பார்க்க ஊருக்குக் கிளம்பிய ஒரு தாய் பஸ்ஸில் ஏறாமல் தனியாகப் போய் அழுதுகொண்டே கடலைப் பார்க்கிறாள். அன்று மகளுக்கு அடிபட்டுவிடுகிறது. இதுதான் பாட்டு. மூன்றாவது சரணத்தில் கூட்டம் எப்போதும் மூச்சடக்கிவிடும்.

மைல்கல்லு மேல மவ வண்டி எண்ணி நிக்கா,
ரோசாப்பூ பையத் தேடி ரோட்டைப் பாத்து நிக்கா.
லீவு தரல மவளேன்னு பொய்யச் சொல்லி நிக்கேன்...

இந்த இடத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. நாற்காலிகளுக்கு இடையில் வழி விடச் சொல்லி வெளியே வந்து, கதவை நோக்கி நடந்தாள். வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள்.

அந்த நடையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அப்போது அந்தக் காலுக்கு ஒன்பது வயது.

நான் பாட்டை நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தை இரண்டு தடவை பாடினேன். கைதட்டல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

வாசகர்கள் கேட்டது

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'ஏறாத பஸ்' பாட்டை இப்போது ஏன் பாடுவதில்லை? தொண்டை போய்விட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏதோ கேஸ் என்று கேள்விப்பட்டதாக இன்னொருவர்.

தொண்டை நன்றாக இருக்கிறது. கேஸும் இல்லை. கேஸ் இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது என்று சில நேரம் தோன்றும்.

சொல்லிவிடுகிறேன். என் பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உட்காரக் கூடாத வேலை

பாட்டுக்கு வருவதற்கு முன்னால் நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்தேன். அப்பா அங்கே பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். காலை நாலு மணிக்கு சாம்பாருக்கு அடுப்பு மூட்டப் போகிறவர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து வலியசாலைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியேறியவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இன்றுவரை எனக்குக் கோபம் வந்தால் மலையாளம், அழுகை வந்தால் தமிழ்.

என் மெட்டுகளுக்கு மூலம் எது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா எங்களைக் குலதெய்வத்தின் கோயில் கொடை விழாவுக்குக் கூட்டிப் போவார். அங்கே வில்லுப்பாட்டுப் பாடிய ஒரு அம்மாளின் குரல் எனக்குள் தங்கிவிட்டது. உடுக்கை ஆசை அங்கே வந்ததுதான். ஆனால் வார்த்தைகள் எனக்குக் கடையில்தான் கிடைத்தன.

ஜவுளிக்கடையில் நாங்கள் உட்காரக் கூடாது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் கால் மடங்கும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நின்று நின்று கணுக்கால் வீங்கிவிடும். கஸ்டமர் இல்லாத நேரத்தில் சேலைகளை மடித்துக்கொண்டே வாய்க்குள் பாடுவோம். மடிக்கும் கைக்கு ஒரு தாளம் வந்துவிடும். சூப்பர்வைசர் வந்தால் தாளம் மட்டும் இருக்கும், பாட்டு நின்றுவிடும்.

என் பக்கத்துக் கவுண்டர்தான் பகவதியக்கா. பணகுடிக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கணவர் லாரியில் கிளீனராகப் போனார், திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. மகள் கோமதியை ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கடை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள்.

வாரம் ஒரு தடவை கோமதி ஹாஸ்டல் போனில் கூப்பிடுவாள்; அன்று வேலை முடிந்ததும் நானும் அங்கே போவேன். பகவதியக்கா பேசி முடித்ததும் ரிசீவரை என்னிடம் தருவாள். "சந்திரா சித்தி, நீங்களும் வாங்க" என்று அந்தப் பிள்ளை சொல்லும். நான் அதன் முகத்தைப் பார்த்தது கிடையாது. ஆனாலும் சித்தி என்று கூப்பிட ஒரு குரல் இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

கடையில் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருவது பகவதியக்காதான். எனக்கு முதல் உடுக்கை வாங்கித் தந்ததும் அவள்தான். சாலைக் கடைத்தெருவில் யாரிடமோ சொல்லி வைத்து வாங்கினாள். "ஏட்டி, சேல மடிச்சுக்கிட்டே எத்தன நாளு வாய்க்குள்ள பாடுவ? வெளிய விட்டுப் பாடு" என்றாள்.

கடல் பார்த்த நாள்

ஓணக் கூட்டம் ஓய்ந்ததும் எல்லோருக்கும் முறை வைத்து லீவு தருவார்கள். பகவதியக்காவுக்கு இரண்டு நாள் கிடைத்தது. முதல் நாள் எனக்கும் வார லீவு. அவளை வழியனுப்பத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். கையில் மகளுக்கு வாங்கிய ரோஸ் கலர் ஸ்கூல் பை. தலையில் பிச்சிப்பூ.

திருநெல்வேலி வண்டி ஒன்று வந்தது. படி வரை கூட்டம். "அடுத்ததுல போறேன்" என்றாள். அடுத்ததும் அப்படித்தான்.

அப்போது நான் சொன்னேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அக்கா, நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கிய, ஒரு தடவ ஒழுங்கா கடல பாத்துருக்கியளா? சங்குமுகம் போயிட்டு வருவோம். ரெண்டு மணிக்கூர்ல திரும்பிரலாம். மத்தியான வண்டி காலியா வரும்."

"பிள்ள பாத்துக்கிட்டு இருக்கும்டி."

"மத்தியானம் போனாலும் சாயங்காலம் பாத்துரலாமே."

அவள் பையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நாங்கள் கிழக்கேகோட்டைக்கு நடந்து போய் டவுன் பஸ் பிடித்தோம்.

அன்று நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. மணலில் உட்கார்ந்தோம். கடலை வாங்கிக் கொறித்தோம். முழங்கால் வரை நனைந்தோம். ஒரு அலை பகவதியக்காவைத் தள்ளி உட்கார வைத்துவிட்டது. சேலை முழுக்க நனைந்து, எழுந்திருக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சேலை காயட்டும் என்று காத்திருந்தோம். மத்தியானம் ஒரு நிழலில் தலைக்குப் பையை வைத்து அவள் தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை. நாலு வருஷம் நின்ற கால்கள் நீட்டிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அவள் எழுந்தபோது மணி நாலு. பதறிவிட்டாள். "இனி கிளம்பினா ராத்திரி ஆயிரும். நாளைக்குக் காலைல முதல் வண்டியில போங்க" என்றேன். அதையும் சொன்னது நான்தான்.

ஆறு மணிக்கு ஹாஸ்டல் வாசலுக்கு வந்தோம். வார்டன் ஓடி வந்தாள். "பகவதி, எவிட போயதா? ஊரிலிருந்து மூணு போன்."

காலையிலிருந்து கோமதி ரோட்டோரம் மைல்கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாக எண்ணியிருக்கிறாள். சாயங்கால வண்டி எதிர்ப்பக்கம் நின்றதும், அம்மா இறங்கியிருப்பாள் என்று குறுக்கே ஓடினாள். ஒரு மோட்டார் பைக் மோதிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது.

பகவதியக்கா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாதத்தில் மணல் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய அக்கா கத்துவது எனக்கே கேட்டது. இவள் சொன்னாள், "லீவு குடுக்கலக்கா. கடைசி நேரத்துல இல்லன்னுட்டான்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாருகிட்டயும் சொல்லாத சந்திரா."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒரு நாள் கோமதியைக் கடைக்குக் கூட்டி வந்தாள். எலும்பு சரியாகச் சேரவில்லை. கவுண்டருக்கும் வாசலுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை காலை இழுத்து நடந்ததை நான் சேலைக் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முன்னால் போய்ப் பேசவில்லை.

பாட்டு வந்த விதம்

அடுத்த வருஷம் பகவதியக்கா வேலையை விட்டு ஊருக்குப் போனாள். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். முதலில் கடிதம் எழுதினோம். பிறகு நான்தான் பதில் போடாமல் விட்டேன்.

நானும் கடையை விட்டேன். ஒரு நாடகக் குழுவில் பின்பாட்டுப் பாடி, வாயனசாலைகளில், அதாவது ஊர் நூலகங்களில், தனியாகப் பாடி, மெதுவாக ஒரு பெயர் வந்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சென்ற வாரங்களில் நிறையவே எழுதிவிட்டேன்.

'ஏறாத பஸ்' ஒரு மத்தியானத்தில் வந்தது. கரமனை ஆற்றுப் பாலத்தில் டவுன் பஸ் நின்றுபோய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முழுப் பாட்டும் டிக்கெட்டின் பின்புறத்திலும் உள்ளங்கையிலும் எழுதினேன். யாராவது காதில் சொல்வதுபோல வந்தது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன், ஆள் பெயர் வைக்கவில்லை. அதனால் பாதகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர்ப் பெயரோடு இன்னொன்றையும் எடுத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பாட்டில் அந்தத் தாய் தனியாகத்தான் கடலுக்குப் போகிறாள். கூடப் போனவள் பாட்டில் இல்லை. போகலாம் என்று சொன்னவள் இல்லை. தூங்கட்டும் என்று விட்டவள் இல்லை.

ஒரு ஆள் என்றால் பாட்டு நன்றாக நிற்கும். இரண்டு ஆள் வந்தால் கதை கலங்கிவிடும். பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு கல்லூரியில் பாடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். பிறகு கோழிக்கோடு, பெங்களூரு, சென்னை எல்லாம் அந்தப் பாட்டு கூட்டிப்போன ஊர்கள். இவ்வளவு உண்மையாக ஒரு தாயைப் பற்றி யாரும் பாடியதில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். நான் அதை வெட்டி வைத்துக்கொண்டேன்.

"நீங்கதான சொல்லணும்?"

அன்று கச்சேரி முடிந்து ஹால் வாசலுக்கு வந்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. என்னைச் சுற்றிப் பத்துப் பேர், செல்ஃபி எடுக்க. பாதியில் எழுந்து போன அந்தப் பெண் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் முன்னால் வந்தாள்.

"மேடம், நான் கோமதி. பணகுடி. பகவதி மவ."

"அய்யோ மோளே, எவ்வளவு பெரிசாயிட்ட" என்றேன். கையைப் பிடிக்கப் போனேன். அவள் குடையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் இங்கதான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன். போன மாசம் என்கூட வேல பாக்குத பொண்ணு சாப்பிடும்போது இந்தப் பாட்ட போட்டுக் காட்டுனா. மைல்கல்லு வந்துச்சு. ரோஸ் பை வந்துச்சு. டிபன் பாக்ஸ மூடிட்டேன்."

நான் ஓரமாகப் போகலாம் என்று கை காட்டினேன், அவள் நகரவில்லை.

"ஊருக்குப் போயி அம்மாகிட்ட கேட்டேன். லீவு இருந்துச்சான்னு. ஆமான்னா. கடலுக்குப் போனியான்னு கேட்டேன். ஆமான்னா. யாரு கூடப் போனன்னு கேட்டேன். தனியாத்தான் போனேங்கா." கோமதியின் குரல் உயரவே இல்லை. "எங்க பெரியம்மா நம்ப மாட்டேங்கா. தனியா ஒருத்தி எதுக்குக் கடலுக்குப் போவா, எவனோ இருந்திருக்கான்னு சொல்லுதா. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஒரு நாளு முழுக்க நான் ரோட்டுல உக்காந்து இருந்தேன் மேடம். அவ யாரு கூட இருந்தா? பாட்டு எழுதுன நீங்கதான சொல்லணும்?"

பக்கத்தில் ஒரு பையன் இன்னும் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி நடத்தியவர் பூங்கொத்தோடு நின்றிருந்தார். 'நான்தான்' என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

நான் சொன்னது இது: "எனக்கெப்படித் தெரியும் மோளே? அவங்க எப்பவோ சொன்னத வச்சு எழுதினது. பாட்டுன்னா கொஞ்சம் கற்பனையும் இருக்கும்லா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி மேடம்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் நடந்தாள். நான் பூங்கொத்தை வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம்

அடுத்த நாளே பணகுடிக்குப் போயிருக்கலாம். மூன்று மணி நேரப் பயணம். போகவில்லை. ஒரு வாரம் கழித்து என்றேன். பிறகு கோழிக்கோட்டில் கச்சேரி. பிறகு ஜலதோஷம். கோமதியின் நம்பரை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நடுவில் பாட்டையும் பாடிக்கொண்டுதான் இருந்தேன். கேட்டார்கள், பாடினேன்.

ஒரு நாள் ஒரு பேட்டியில் ஒரு இளைஞர் கேட்டார். "அந்தப் பாட்டில் வரும் தாய் யார்?"

"நாம எல்லாரும்தான்" என்றேன். வழக்கமாகச் சொல்லும் பதில். அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அந்தப் பதிலை அதற்கு முன் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. என் வாயிலிருந்து ஏதோ கெட்டுப்போன வாடை வந்ததுபோல இருந்தது. மறுநாள் காலை தம்பானூரில் திருநெல்வேலி வண்டி ஏறினேன்.

பகவதியக்கா வீட்டின் முன்னறையில் தையல் மெஷின். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். "வாட்டி" என்றாள், நேற்றுத்தான் பிரிந்ததுபோல. காப்பி போட்டாள். வேலை எப்படி, அப்பா எப்படி என்று கேட்டாள். அப்பா போய் ஆறு வருஷம் ஆயிற்று என்றேன்.

"கோமதி?" என்று கேட்டேன்.

"கல்யாணம் முடிஞ்சிட்டு. ஆவணியில."

"நல்லபடியா நடந்துச்சாக்கா?"

"நல்லாத்தான் நடந்துச்சு. அக்காவும் அத்தானும்தான் மணவறையில நின்னு எல்லாம் செஞ்சாங்க. நான் மண்டபத்துல கடேசி வரிசையில உக்காந்திருந்தேன். யாரும் என்னயப் போவச் சொல்லல. வான்னும் கூப்பிடல." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாம் பந்தியில சாப்பிட்டுட்டு பஸ்ஸேறி வந்துட்டேன்."

அப்போதுதான் நான் அழுதேன். அழுதுகொண்டே கேட்டேன், "என் பேர ஏன்க்கா சொல்லல? சந்திரா கூடத்தான் போனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீதான் பாட்டுல உன்னய வைக்கலயே" என்றாள். "சரி, உனக்கு இஷ்டம் இல்லன்னு நெனச்சேன். பேரு எடுத்த பிள்ள. நான் சொல்லி உனக்கு ஏதும் கெட்ட பேரு வந்துரக்கூடாதுல்லா."

கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பொறுக்கல சந்திரா. அந்தப் பாட்டுல நான் அழுதுக்கிட்டே கடல பாக்கேன். நான் எங்கட்டி அழுதேன்? அன்னைக்கு எப்படிச் சிரிச்சேன்! என் வயசுக்கு அந்த ஒரு நாளுதான். அதயும் நீ அழுவையா ஆக்கிட்ட."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாம். பிள்ளகிட்டச் சொல்லு. பத்திரிகையில எழுதுவியோ மேடையில சொல்லுவியோ, சொன்னா முழுசாச் சொல்லு. என்னய மட்டும் சொல்லாத."

மகளிடம் சொன்னது

திரும்பி வரும் வழியில் நாகர்கோவிலில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. இறங்கி, ஒரு டீக்கடைக்குப் பின்னால் நின்று கோமதியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பானூரில் நான் சொன்ன வாக்கியம், எழுப்பாமல் விட்டது, நாளைக்குப் போகலாம் என்றது, அவள் அம்மாவுக்குச் செய்த சத்தியம், ஹால் வாசலில் சொன்ன பொய். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. ஆண் யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று இடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. வேலையில் இருந்திருக்கிறாள்.

"மழை பெஞ்சிச்சுல்லா அன்னைக்கு, ஹால் வாசல்ல" என்றாள் கடைசியில். "அப்பச் சொல்லியிருந்தீங்கன்னா எங்கம்மா மணவறையில நின்னுருப்பா."

"ஆமா மோளே."

"நீங்க மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?"

"ஆமா."

"கேக்காதீங்க. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டைப் பாடவில்லை. ஒரு தடவை வீட்டில் தனியாக உட்கார்ந்து, கூடப் போனவளையும் உள்ளே சேர்த்து ஒரு சரணம் எழுதிப் பார்த்தேன். எதுகை எல்லாம் சரியாக வந்தது. அது சரியாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பகவதியக்காவிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பிள்ள வந்திருக்கா. மாப்பிள்ளையும் வந்திருக்காரு. சாப்பிட்டுட்டு என் கட்டில்ல படுத்துத் தூங்குதா."

"சந்தோஷம்க்கா. அடுத்த வாரம் நான் வரட்டா?"

"வேண்டாம் சந்திரா. நீ வந்தா அவ வர மாட்டேன்னு சொல்லிட்டா. கொஞ்ச நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராத. போனும் பண்ணாத. நானே கூப்பிடுதேன்."

"சரிக்கா" என்றேன்.

இது நடந்து இரண்டு ஓணம் போய்விட்டது. அவள் இன்னும் கூப்பிடவில்லை.